மேட்டுப்பாளையத்தில் ஏறி ஊட்டியில் இறங்கும்வரை: மலை ரயிலில் முதல்முறை போகிறவர்களுக்கு

ஊட்டி மலை ரயிலில் போகப்போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "டிக்கெட் எங்கிருந்து எங்கே?" என்றுதான். பலர் "குன்னூரிலிருந்து ஊட்டிக்கு" என்பார்கள். அதுவும் அழகான பயணம்தான். ஆனால் தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பல்சட்டத்தைப் பிடித்து ஏறும் பல்சக்கரம், நீராவி இன்ஜின், பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு மலையேறுவது என்று கேள்விப்பட்டு நாம் ஆசைப்படுவதெல்லாம் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கும் 28 கிலோமீட்டரில்தான் நடக்கிறது.

முதல்முறை போனபோது எனக்கு இது தெரியாது. குன்னூரில் ஏறினோம். டீசல் இன்ஜின். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும், ஊட்டி வந்துவிட்டது. கூட வந்த அப்பா, "பல்சக்கரம் எங்கே இருக்கு?" என்று கேட்டபடியே பிளாட்பாரத்தில் இறங்கினார். அவரை மறுபடி அழைத்துப்போக இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டாவது பயணத்திலும் அதற்குப் பிறகு போனவற்றிலும் தெரிந்துகொண்டதை வைத்து இதை எழுதுகிறேன்.

எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம்

மொத்தம் 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி 2,203 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்கு ஏறுகிறது. இந்த ஏற்றத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேர வழி. ஆகவே மதியத்துக்குள் ஊட்டியில் நாலு இடம் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கோடு இதில் ஏறினால் எரிச்சல்தான் மிஞ்சும். அந்த நாளின் முக்கியமான நிகழ்ச்சியே ரயில்தான் என்று முடிவு செய்துவிட்டால், நின்று நின்று போவதும் பிடித்துப்போகும்.

இங்கே மலை ரயில் போட வேண்டும் என்ற யோசனை 1854-லேயே வந்துவிட்டது. குன்னூர்வரை ரயில் ஓடத் தொடங்கியது 1899-ல்தான். ஊட்டிவரை நீண்டது 1908-ல். வழியில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

முதலில் மாதம், பிறகு டிக்கெட்

ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் தாங்காது. பள்ளி விடுமுறையும் மலர்க்கண்காட்சியும் சேர்ந்துகொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. காடு அப்போதுதான் பச்சைப்பசேலென்று இருக்கும், பாறைகளில் எல்லாம் தண்ணீர் வழியும். ஆனால் அதே மழையில் தண்டவாளத்தில் மண் சரியும், மரம் விழும், ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். சில சமயம் ஒரு நாள், சில சமயம் பல நாள். விடுமுறையில் ஒரே ஒரு நாள்தான் கைவசம் இருக்கிறது என்றால் நவம்பரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்வரை நல்ல காலம். காலையில் குளிர் கடுமையாக இருக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும், டிக்கெட்டும் ஓரளவு கிடைக்கும்.

டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலோ ஸ்டேஷன் முன்பதிவுக் கவுன்ட்டரிலோ எடுக்கலாம். தேடும்போது ஊட்டிக்கு ரயில்வே வைத்திருக்கும் பெயர் உதகமண்டலம் என்பது நினைவிருக்கட்டும். நிலையக் குறியீடு யு.ஏ.எம். மேட்டுப்பாளையத்துக்கு எம்.டி.பி., குன்னூருக்கு ஓ.என்.ஆர். பயண நாளுக்கு 60 நாள் முன்னால், காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். சனி, ஞாயிறு, பண்டிகை நாள் என்றால் அந்த 8 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் வழக்கமான ரயில் நாளுக்கு ஒன்றுதான், இருக்கைகளும் குறைவு. கோடையில் சிறப்பு ரயில்களும் விடுவார்கள். அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது.

ஊட்டிவரை கிடைக்கவில்லை என்றால் மேட்டுப்பாளையம்–குன்னூர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். குன்னூரில் இறங்கிக்கொண்டு, அங்கிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் போய்விடலாம், பஸ்கள் அடிக்கடி உண்டு. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே நாளில் சில தடவை தனியாகவும் ரயில் ஓடுகிறது, அதில் டிக்கெட் கிடைப்பது இவ்வளவு கஷ்டமில்லை. எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் மேல்பாதியை விட்டுக்கொடுங்கள்.

வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பிக் கிளம்ப வேண்டாம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டால் அது தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. மழையால் ரயிலே ரத்தானால், ஆன்லைன் டிக்கெட்டுக்கு முழுப் பணமும் திரும்பக் கணக்குக்கு வந்துவிடும்.

முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்று கேட்பார்கள். முதல் வகுப்பில் மெத்தை நன்றாக இருக்கும், ஆள் நெருக்கம் குறைவு. அதைவிடப் பெரிய விஷயம், ஏற்றத்தில் அந்தப் பெட்டிதான் முன்னால் போகும். இன்ஜின் பின்னால் இருப்பதால் முன்கண்ணாடி வழியாகத் தண்டவாளமும் குகை வாயும் நேராக நம்மை நோக்கி வருவதைப் பார்க்கலாம். பணம் கொடுத்து எடுப்பதென்றால் அதற்காகத்தான் எடுக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் எதிரெதிர் பெஞ்சுகள், முழங்காலோடு முழங்கால் இடிக்கும், ஆனால் ஆளுக்கு ஆள் தின்பண்டம் நீட்டிக்கொண்டு போகிற கலகலப்பு அங்கேதான். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். இத்தனை வளைவில் பள்ளத்தாக்கு ஒரு பக்கமாகவே இருப்பதில்லை.

5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை, ஆனால் இருக்கையும் கிடையாது. ஐந்து மணி நேரம் மடியில் வைத்திருக்க முடியுமா என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

முந்தைய இரவு

ரயில் காலை 7.10-க்குக் கிளம்புகிறது. நேரம் மாறக்கூடும், கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி. இரவு ஏறிப் படுத்தால் விடிகாலையில் மேட்டுப்பாளையம், அதே ஸ்டேஷனில் மலை ரயில். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் 35 கிலோமீட்டர்தான் என்றாலும் வீட்டிலிருந்து விடியற்காலையில் அடித்துப்பிடித்துக்கொண்டு வருவதைவிட முந்தைய இரவே வந்து தங்குவது நிம்மதி.

பையில் என்ன இருக்க வேண்டும்? பெரிய சூட்கேஸ் வேண்டவே வேண்டாம், வைக்க இடமில்லை. இருக்கைக்குக் கீழே நுழைகிற பை போதும். ஸ்வெட்டரை அடியில் போடாமல் மேலேயே வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் புழுக்கத்தோடு ஏறி, குன்னூர் நெருங்கும்போது தேடுவீர்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்து வாருங்கள். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். காலைச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. இட்லி, எலுமிச்சை சாதம் மாதிரி குழம்பு சிந்தாத ஏதாவது.

பெரியவர்களை அழைத்துவருகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்: பெட்டியில் கழிப்பறை கிடையாது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகவும் வழியில்லை. ஒவ்வொரு அறைக்கும் தனிக் கதவு. ஏறுவதற்கு முன் மேட்டுப்பாளையத்தில் போய்விட்டு வரச் சொல்லுங்கள். அடுத்து நிம்மதியாக இறங்க முடிவது வழியில் வண்டி நிற்கும் ஹில்குரோவ் ஸ்டேஷனில், பிறகு குன்னூரில். சர்க்கரை நோய் இருக்கிறவர்கள், சின்னக் குழந்தைகள் இவர்களுக்கு இந்த ஒரு விவரம் தெரியாமல் போனால் மொத்தப் பயணமும் அவஸ்தையாகிவிடும். எங்கள் அத்தை ஒருவர் பயத்திலேயே காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்தார், குன்னூருக்குள் தலைவலியே வந்துவிட்டது. அப்படியும் செய்ய வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு, வண்டி நிற்கும் இடத்தில் முதல் ஆளாக இறங்கிவிட்டால் போதும்.

6.30-க்குப் பிளாட்பாரத்தில் இருங்கள்

சீக்கிரம் வரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீராவி இன்ஜின் வந்து பெட்டிகளோடு சேர்வதைக் கிட்டத்தில் பார்க்கலாம். எக்ஸ் வகை இன்ஜின்கள் என்று பெயர். முதலில் வந்தவை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே இதே வகையில் எண்ணெயில் ஓடும் இன்ஜின்களைக் கட்டினார்கள். பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் தெரியும். அந்தப் பக்கமும் அதே மாதிரி இரண்டு. கீழே இருப்பது சாதாரணச் சக்கரங்களைச் சுற்றுவதற்கு. மேலே இருப்பது பல்சக்கரத்துக்கு. சமதளத்தில் கீழ் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். ஏற்றம் தொடங்கியதும், அவை பயன்படுத்திவிட்டு வெளியேற்றும் நீராவியை மேல் சிலிண்டர்களுக்கு அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். குழந்தைகளுக்கு இதை அங்கேயே காட்டிச் சொன்னால் பிறகு வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார்கள்.

கல்லாறுவரை, அதற்கு மேல்

கிளம்பியதும் பவானி ஆற்றைத் தாண்டும். எட்டு கிலோமீட்டர் சமவெளி, பாக்குத் தோப்புகள். இங்கே ரயில் மணிக்கு 30 கிலோமீட்டர்வரை போகும். இந்த இருபது நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், அப்புறம் கை ஒழியாது.

கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் ஜோடியாகப் படுத்திருக்கும். இரண்டின் பற்களும் நேருக்கு நேராக இருக்காது, மாறி மாறி இருக்கும், எந்த நேரமும் ஒரு பல்லாவது பிடிப்பில் இருக்க வேண்டும் என்பதற்காக. ஆப்ட் முறை என்று இதற்குப் பெயர். இன்ஜினின் பல்சக்கரம் அந்தச் சட்டத்தில் பொருந்தும் இடத்தில் வண்டி வேகம் குறைந்து, மெல்ல ஒரு குலுக்கல் வரும். அதன் பிறகு சத்தமே வேறு. தடதடவென்று ஓடுகிற ரயில் சத்தம் போய், ஒவ்வொரு பல்லாகக் கடித்துக் கடித்து ஏறுகிற சத்தம். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும்.

இந்தப் பகுதியில் மிகச் செங்குத்தான இடங்களில் 12 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறியிருப்போம். சாதாரண ரயில் பாதையில் 100 அடிக்கு ஓர் அடி என்றாலே நல்ல ஏற்றம். மடியில் தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், தண்ணீரின் மட்டம் சாய்ந்து நிற்பது தெரியும். உண்மையில் தண்ணீர் நேராகத்தான் இருக்கிறது, சாய்ந்திருப்பது நாம். அப்பா அன்றைக்கு அந்தப் பாட்டிலைக் குன்னூர்வரை கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

இன்ஜின் பின்னால் இருப்பதற்குக் காரணமும் இந்த ஏற்றம்தான். பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் இன்ஜின் நின்றால், நடுவில் இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டி பின்னோக்கி உருண்டுவிடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். ஆனால் பின்னால் இருக்கிற டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டியில் இருப்பவர் பாதையைப் பார்த்துப் பச்சைக் கொடியை நீட்டுவார். அதைப் பார்த்து அடுத்த பெட்டிக்காரர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று கொடி பின்னால் போய் டிரைவரை எட்டும். வளைவில் வண்டி வில்லாக வளையும்போது ஜன்னலிலிருந்து பார்த்தால் இந்த வரிசை மொத்தமும் தெரியும். ஒரு கை கொடியில், இன்னொரு கை பிரேக்கில். மழையிலும் குளிரிலும் அந்தத் திறந்த மேடையில்தான் நிற்கிறார்கள். பலர் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டே இவர்களைப் பார்க்காமல் இறங்கிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நூறு வருடத்துக்கு மேலாக இந்த வண்டி பத்திரமாக ஏறி இறங்குவது இவர்கள் கண்ணையும் கையையும் நம்பித்தான்.

படம் எடுப்பதைப் பற்றி: கையையும் தலையையும் வெளியே நீட்டாதீர்கள். குகைச் சுவரும் பாறையும் ஜன்னலுக்கு மிக அருகில் உரசுவதுபோல வரும். குகைக்குள் நுழைந்ததும் எல்லாப் பெட்டியிலிருந்தும் "ஓ"வென்று கூச்சல் எழும்பும், அதை எதிர்பார்த்தே போகலாம். தூங்குகிற கைக்குழந்தை இருந்தால் முதல் குகைக்கு முன்பே காதைப் பொத்திவிடுங்கள். இன்ஜினுக்குப் பக்கத்துப் பெட்டியில் இருப்பவர்கள் மேல் கொஞ்சம் கரித்தூள் விழும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

ஹில்குரோவ்

தண்ணீர் பிடிப்பதற்காக வண்டி இங்கே நிற்கும். நீராவி இன்ஜினுக்கு வழியில் தண்ணீர் காட்டியே ஆக வேண்டும். எல்லோரும் இறங்குவார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டியவர்கள் முதலில் போய்விட்டு வாருங்கள், படம் அப்புறம். கடை திறந்திருந்தால் சூடாக டீ கிடைக்கும்.

குரங்குகள் காத்திருக்கும். கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு இறங்காதீர்கள். இறங்கும்போது பெட்டிக் கதவையும் ஜன்னலையும் மூடிவிடுங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது பை திறந்து கிடக்கும். அவற்றுக்குத் தின்னக் கொடுக்கவும் வேண்டாம். காட்டில் பழம் தேடித் தின்கிற பிராணி தண்டவாளத்திலேயே குடியிருக்க ஆரம்பிப்பது நாம் நீட்டுகிற கையால்தான். விசில் சத்தம் கேட்டதும் ஏறிவிடுங்கள், தூரமாகப் போய் நிற்க வேண்டாம். இது யானைகள் நடமாடும் காடு. பாதையில் யானை நின்றால் வண்டி காத்திருக்கும், பிரேக்ஸ்மேன் சொல்கிறவரை யாரும் இறங்கக் கூடாது.

குன்னூரும் அதற்கு மேலும்

ரன்னிமேடு நெருங்கும்போது காடு விலகித் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கும், காற்றிலும் குளிர் ஏறும். குன்னூரில் பல்சட்டம் முடிகிறது. நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டுவார்கள். இறங்கி நிற்க நேரம் கிடைக்கும், பக்கத்திலேயே இன்ஜின் ஷெட்டும் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து வண்டி கொஞ்ச தூரம் பின்னால் போய்த்தான் ஊட்டிப் பாதையைப் பிடிக்கும். முதல்முறை வருகிறவர்கள் "திரும்பிப் போகிறதே" என்று பதறுவார்கள், ஒன்றுமில்லை.

குன்னூருக்கு மேலே ஏற்றம் 25-க்கு 1 என்ற அளவுக்குக் குறைந்துவிடுவதால் சாதாரணச் சக்கரமே போதும். வெலிங்டன், வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் அரவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்திப் பள்ளத்தாக்கில் படிப்படியாக வெட்டிய காய்கறித் தோட்டங்களுக்குத்தான் நான் ஜன்னலோரம் நகர்வேன். இதற்குள் பெட்டியில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள், ஜன்னலோர இடம் கேட்டால் தந்துவிடுவார்கள்.

ஊட்டியிலிருந்து திரும்புவது

நண்பகலுக்கு ஊட்டி. அதே ரயில் மதியம் 2 மணிக்குத் திரும்பக் கிளம்பும். அன்றே அதில் இறங்கத் திட்டம் போடாதீர்கள். இடையில் கிடைப்பது இரண்டு மணி நேரம், சாப்பாட்டுக்கே சரியாகப் போய்விடும். உடம்பும் கெஞ்சும். ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் இறங்கலாம், அல்லது ஏறுவதற்கு ரயில், இறங்குவதற்கு பஸ் என்று வைத்துக்கொள்ளலாம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் வீட்டில் இருந்தால் இறங்குவதற்கும் ரயிலே மேல், மெதுவாகப் போவதால் தலைசுற்றல் தெரியாது.

இறக்கத்தில் மூன்றரை மணி நேரம்தான். குன்னூரிலிருந்து கீழே வரும்போதும் இன்ஜின் பள்ளத்துப் பக்கமே நிற்கும், அதாவது இப்போது முன்னால். முதல் வகுப்புக்காரர்களுக்கு அந்த முன்கண்ணாடிக் காட்சி இல்லை, அதனால் இறங்கும்போது இரண்டாம் வகுப்பே போதும். பிரேக்ஸ்மேன்களுக்கு வேலை அதிகம் இந்த வழியில்தான். சாயங்காலம் ஐந்தரை மணியளவில் மேட்டுப்பாளையம். சென்னைக்குப் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் அதே ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது, அதுவரை முகம் கழுவிச் சாப்பிட்டுவிட்டு வர நேரம் தாராளமாக இருக்கும்.